1998-ஐப் பற்றித் தமிழில் பேசிய படம்: அமிர் முகமட் யார்?

மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் எத்தனையோ முறை இறங்கியிருப்பீர்கள். மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுக்க, லெபோ அம்பாங்கில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட, இல்லை சும்மா சுற்ற. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மெர்டேக்கா சதுக்கம். இன்று அங்கே சுற்றுப்பயணிகள் கொடிக்கம்பத்தின் முன்னால் செல்ஃபி எடுத்துக் கொண்டிருப்பார்கள்.

1998 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. அதே இடத்திலும் அருகில் உள்ள தேசியப் பள்ளிவாசலிலும் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அன்வார் இப்ராஹிம் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு 18 நாள் ஆகியிருந்தது. அன்றிரவே அவர் கைதானார். அடுத்த பல வாரங்களுக்குத் தலைநகரின் தெருக்களில் ஊர்வலம், கண்ணீர்ப் புகை, நீர்பீரங்கி. 'ரிஃபோர்மாசி' என்று நீங்கள் கேள்விப்படுவது அங்கிருந்துதான் கிளம்பியது. உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள்.

சுமார் பத்தாண்டு கழித்து ஓர் இயக்குநர் கேமராவை எடுத்துக்கொண்டு அந்த ஊர்வலங்கள் நடந்த இடங்களுக்குத் திரும்பிப் போனார். இப்போது அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களிடம் பேசினார். 2009-இல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'மலேசியன் காட்ஸ்', அதாவது மலேசியக் கடவுள்கள். சுமார் 70 நிமிடம். எடுத்தவர் அமிர் முகமட், மலாய்க்காரர். படத்தில் வரும் பேச்சோ தமிழ்.

ஏன் தமிழ்? அதற்குப் பதில் தேட, இவர் அதற்கு முன் பத்து வருஷமாக என்ன செய்து கொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும்.

எழுத்திலிருந்து கேமராவுக்கு

அமிர் 1972-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஆனால் ஊர் அவரை முதலில் அறிந்தது எழுத்தாளராக. பள்ளி நாட்களிலேயே பத்திரிகைக்கு எழுதத் தொடங்கியவர், 90-களில் 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழில் இலக்கியப் பத்தி எழுதினார். கிண்டல் கலந்த எழுத்து. சிரிக்க வைத்துவிட்டு, எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று பிறகு யோசிக்க வைக்கும். படங்களிலும் அந்தக் குரல் அப்படியே தொடர்கிறது.

2000-இல் 'லிப்ஸ் டு லிப்ஸ்' எடுத்தார். டிஜிட்டல் வீடியோவில் எடுக்கப்பட்ட முதல் மலேசிய முழுநீளப் படம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். கைப்பேசியிலேயே படம் எடுக்கும் தலைமுறை நீங்கள். ஆனால் அதுவரை சினிமா என்றால் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள். சுருளுக்குக் காசு, கழுவக் காசு, பிரதி போடக் காசு. ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் அந்தச் சுருளும் போச்சு, பணமும் போச்சு. எனவே பணம் போடுபவர் சம்மதித்தால்தான் படம். அவர் சம்மதிக்க, விற்கிற மாதிரி கதை வேண்டும். கையடக்க டிஜிட்டல் கேமரா அந்தச் சங்கிலியை அறுத்தது. நாடாவும் மின்கலமும் நண்பர்கள் நாலு பேரும் இருந்தால் போதும். யாரிடமும் அனுமதி கேட்காமல், விற்குமா என்று கவலைப்படாமல் எடுத்துப் பார்க்கலாம். கோலாலம்பூரில் 2000-களின் முதல் பாதியில் தனிப்பட்ட முயற்சியாகக் கிளம்பிய படங்களின் அலைக்கு இதுதான் அடிப்படை. அமிர், ஜேம்ஸ் லீ, டான் சூய் முய், லியூ செங் தாட் ஆகிய நால்வரும் சேர்ந்து 'டா ஹுவாங் பிக்சர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் படத்தில் மற்றவர் வேலை செய்வது அங்கே வழக்கம்.

பரிசோதனைப் படம் என்றால்?

அமிரின் படங்களைத் திரைப்பட விழாக்களில் 'பரிசோதனைப் படம்', 'கட்டுரைப் படம்' என்ற தலைப்புகளின் கீழ் பார்க்கலாம். பயப்பட வேண்டாம். கதாநாயகன், இடைவேளை, கிளைமாக்ஸ் எதுவும் இருக்காது, அவ்வளவுதான். ஒரு குரல் ஏதோ ஒன்றைச் சொல்லும். திரையில் வேறொன்று ஓடும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நீங்கள் நிரப்ப வேண்டும்.

நல்ல உதாரணம் 2002-இல் முடிந்த 'சிக்ஸ் ஹார்ட்ஸ்'. ஆறு குறும்படங்களின் தொகுப்பு. 'ஷார்ட்ஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்துக்குப் பதிலாக 6 என்ற எண்ணைப் போட்டு எழுதுவார். ஒன்று, அடையாள அட்டை தொலைந்து போவதைப் பற்றி. ஒன்று, வெள்ளிக்கிழமைத் தொழுகையைப் பற்றி. 'பாங்யாவ்' என்றால் கண்டோனிய மொழியில் நண்பன். ஒரு மலாய்ப் பையன் சீனப் பையனுடன் பழகிய நாட்களை அதில் ஒரு குரல் நினைத்துப் பார்க்கிறது.

இன்னொன்றின் பெயர் 'கமுந்திங்'. பேராக்கில் தைப்பிங் பக்கத்தில் இருக்கும் தடுப்பு முகாமின் பெயர் அது. இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர்களை விசாரணையின்றி அங்கேதான் வைத்திருந்தார்கள். அப்படி அடைபட்ட நண்பர் ஒருவரைப் பார்க்கப் போகும் பயணம்தான் படம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தெரிந்தவரும் தெரியாதவரும் சொல்லும் கதை

அமிரை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது 'தி பிக் டுரியன்' (2003). 2004-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்குத் தேர்வானது. அந்த விழாவுக்குப் போன முதல் மலேசியப் படம்.

1987 அக்டோபர் 18 இரவு, ஆடம் என்ற ராணுவ வீரர் எம்16 துப்பாக்கியோடு சௌகிட் வட்டாரத்துக்கு வந்து சுட ஆரம்பித்தார். உயிரிழப்பும் ஏற்பட்டது. அப்போது நாட்டில் ஏற்கெனவே பதற்றம். சீனப் பள்ளிகளில் மாண்டரின் வழிக் கல்வி பெறாதவர்களை நிர்வாகப் பதவிகளுக்கு நியமித்தது பெரிய சர்ச்சையாகியிருந்தது. அரசியல் கட்சிகள் போட்டிக் கூட்டங்கள் நடத்திக் கொண்டிருந்தன. சௌகிட்டில் துப்பாக்கிச் சத்தம் என்றதும் ஊர் என்ன நினைத்திருக்கும்? மே 13 திரும்பி வந்துவிட்டது என்றுதான். 1969 கலவரத்தின் நினைவு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

கலவரம் வரவில்லை. ஆனால் அக்டோபர் 27-இல் 'ஒப்பராசி லாலாங்' என்ற கைது நடவடிக்கை தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இசாவின் கீழ் பிடிக்கப்பட்டார்கள். லிம் கிட் சியாங், கர்ப்பால் சிங், தொழிற்சங்கவாதி வி. டேவிட், பி. பட்டு ஆகியோரும் அதில் உண்டு. 'தி ஸ்டார்', 'சின் சியூ', 'வத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இதைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வழக்கமான வழி உங்களுக்கே தெரியும்: பழைய செய்திக் காட்சி, வரலாற்றுப் பேராசிரியர், கனத்த குரலில் வர்ணனை. அமிர் அப்படிச் செய்யவில்லை. அந்த இரவில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன கேள்விப்பட்டீர்கள் என்று பலரிடம் கேட்டார். அவர்களில் சிலர் நிஜமானவர்கள், தங்கள் சொந்த நினைவைச் சொல்கிறார்கள். சிலர் நடிகர்கள், எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறார்கள். யார் எது என்று பார்க்கும்போது எளிதில் பிரிக்க முடியாது.

முதலில் இது ஏமாற்று மாதிரி தோன்றும். செய்தித் துறையில் இருக்கும் எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்திரிகைகளே மூடப்பட்ட நேரத்தில் மக்கள் எதை வைத்து ஒரு சம்பவத்தைத் தெரிந்து கொண்டார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, டாக்சி ஓட்டுநர் சொன்னது, மாமாவின் நண்பருக்கு ராணுவத்தில் யாரையோ தெரியும் என்பது. நிஜமும் வதந்தியும் கலந்துதான் அந்த இரவு ஊருக்குள் பரவியது. இன்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு சுற்றுவது போல. படமும் அப்படியே கலந்து தருகிறது. எந்தக் குரலை நம்பினீர்கள், ஏன் நம்பினீர்கள் என்பதை நீங்களே கவனிக்க வேண்டியிருக்கிறது. சிலரை அவர்கள் பேசும் மொழிக்காக, சிலரை முகத்துக்காக நம்பியிருப்போம். கொஞ்சம் சங்கடமான கண்டுபிடிப்பு அது.

ஆளே இல்லாத வாழ்க்கை வரலாறு

அடுத்து அவர் தொட்டது கம்யூனிஸ்டுகளை.

சின் பெங் 1924-இல் பேராக்கின் சித்தியவானில் பிறந்தவர். மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் அரசு தேடிய முதல் ஆள். 1989 டிசம்பர் 2-இல் தாய்லாந்தின் ஹாட் யாயில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனாலும் நாடு திரும்ப அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. நீதிமன்றம் ஏறியும் பலனில்லை. 2013 செப்டம்பர் 16-இல் பேங்காக்கில் இறந்தார். அன்று மலேசிய தினம்.

இது சீனர்களின் கதை என்று தோன்றினால் ஒரு பெயர் சொல்கிறேன்: எஸ். ஏ. கணபதி. மலாயாவின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த தமிழர். துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தமிழர்களும் அந்த வரலாற்றுக்குள் இருந்தார்கள்.

'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' (2006), அதாவது 'கடைசிக் கம்யூனிஸ்ட்', சின் பெங்கைப் பற்றிய படம். படத்தில் அவர் இல்லை. முகமும் வராது. அவர் வாழ்ந்து கடந்த ஊர்களுக்குக் கேமரா ஒவ்வொன்றாகப் போகிறது. அவர் வாழ்க்கை திரையில் எழுத்தாக ஓடுகிறது. நாம் பார்ப்பதோ இன்று அந்த ஊரில் வியாபாரம் செய்பவர்களை, வேலை பார்ப்பவர்களை. அவர்கள் பேசுவது தங்கள் பிழைப்பைப் பற்றி. இடையிடையே ஹர்தேஷ் சிங் இசையமைத்த பாட்டுகள், பழைய அரசுப் பிரச்சாரப் படங்களின் பாணியில், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கிண்டலாக.

யூத இனப்படுகொலையைப் பற்றி க்ளோட் லான்ஸ்மான் எடுத்த 'ஷோவா' (1985) என்ற ஒன்பது மணி நேரத்துக்கும் மேலான பிரெஞ்சுப் படத்திலும் பழைய காட்சி ஒன்றுகூடக் கிடையாது. நடந்த இடம் இன்று எப்படி இருக்கிறது, அங்கே இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதுதான் படம். லான்ஸ்மானிடம் சிரிப்பு இல்லை. அமிரிடம் பாட்டும் சிரிப்பும் இருக்கிறது. ஆனால் போன இடத்துக்கே திரும்பிப் போவது என்ற அடிப்படை ஒன்றுதான்.

படம் 2006 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மலேசியத் தணிக்கை வாரியம் ஒரு வெட்டுகூட இல்லாமல் அனுமதித்தது. மே மாதம் திரையரங்குகளுக்கு வர வேண்டியது. அதற்குள் 'பெரித்தா ஹரியான்' நாளிதழில் எதிர்ப்புக் குரல்கள் வந்தன. அவசரகாலத்தில் போலீசும் ராணுவமும் எத்தனையோ பேரை இழந்தன, அந்தக் குடும்பங்களின் மனம் என்ன ஆகும் என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. அது பொய்யான வலி இல்லை. மே மாதத் தொடக்கத்தில் உள்துறை அமைச்சு படத்தைத் தடை செய்தது. ஒரு துப்பாக்கிச் சூட்டுக் காட்சிகூட இல்லாத படம்!

அடுத்த ஆண்டு அவர் 'அப்பா கபார் ஓராங் கம்போங்' எடுத்தார். கம்யூனிஸ்டுக் கட்சியின் மலாய்ப் படைப்பிரிவான பத்தாவது ரெஜிமென்ட்டில் இருந்தவர்கள் வயதாகித் தென் தாய்லாந்தில் ஒரு கிராமத்தில் வாழ்கிறார்கள். அவர்களின் பேச்சுக்கு நடுவே ஒரு தாய்லாந்து வானொலி நாடகம் ஓடுகிறது. அதன் மூலம் ஷேக்ஸ்பியரின் 'தி விண்டர்ஸ் டேல்'. இதுவும் பெர்லினுக்குப் போனது. இதற்கும் இங்கே தடை. கம்யூனிஸ்ட் என்றால் சீனர் என்ற பாடப்புத்தகச் சமன்பாட்டை இந்த மலாய் முதியவர்கள் உடைக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, முந்தைய படத்தைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழுக்கு வந்தது எப்போது?

இப்போது 'மலேசியன் காட்ஸ்' படத்துக்குத் திரும்பலாம். அது எந்த நேரத்தில் வந்தது என்று பாருங்கள்.

2007 நவம்பர் 25. ஜாலான் அம்பாங், கேஎல்சிசி சுற்றுவட்டாரம். இண்ட்ராஃப் பேரணிக்குப் பல்லாயிரம் இந்தியர்கள் வந்தார்கள். பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுப்பது நோக்கம்: ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்து, கைவிட்டுப் போனதற்கு நியாயம் கேட்டு. பத்துமலையிலும் கூட்டம். நீர்பீரங்கி, கண்ணீர்ப் புகை. உங்கள் வீட்டில் யாராவது அன்று அங்கே இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 13-இல் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவர் இசாவின் கீழ் பிடிக்கப்பட்டு அனுப்பப்பட்ட இடம் கமுந்திங். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் அமிர் குறும்படம் எடுத்த அதே பெயர். ஐவரில் ஒருவரான எம். மனோகரன், முகாமுக்குள் இருந்தபடியே 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். ஒரு கூட்டத்தில்கூட அவர் பேசவில்லை, பேசவும் முடியாது. அந்தத் தேர்தலில்தான் தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. ஆகஸ்டில் அன்வார் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் திரும்பினார்.

அதாவது 1998-இல் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பகுதி மலாய் இளைஞர்கள். 2007-இல் தெருவில் இறங்கியவர்கள் தமிழர்கள். இரண்டையும் வெவ்வேறு கதைகளாகத்தான் நாடு சொல்லி வந்தது. ஒன்று தேசிய அரசியல், இன்னொன்று 'இந்தியர் பிரச்சினை'. முதல் கதை நடந்த இடத்தில் இரண்டாவது கதையின் மொழியை வைத்ததுதான் 'மலேசியன் காட்ஸ்'. அமிரின் மற்ற எல்லாத் தந்திரங்களையும்விட இது எளிமையானது.

அரசியல் ஆவணப்படத்தில் தமிழர் வந்தால் என்ன பேசுவார்? தோட்டம், வறுமை, குண்டர் கும்பல், கோயில் உடைப்பு. தன் சமூகத்தின் குறையை மட்டும் சொல்ல அவருக்கு இடம் உண்டு. நாட்டுக்கு நடந்ததைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. அந்த ஊர்வலம் அவர் கடை வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும். கண்ணீர்ப் புகை அவர் கண்ணையும் எரித்திருக்கும். ஆனால் சாட்சி சொல்ல அழைப்பு வராது. இந்தப் படத்தில் அவர்தான் பேசுகிறார். அவர் பேசுவது முழுக்க அரசியலாகவும் இல்லை. வேலை, குடும்பம், அன்றாடம் என்று போகிறது.

குறை இல்லாத படமா? இல்லை. அமிரின் மற்ற படங்களைப் போல இதிலும் பேச்சு சில இடங்களில் இழுவை. 1998 பற்றி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்தால் பாதி புரியாது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தை முதலில் படித்துவிட்டுப் போவது அதனால்தான் நல்லது. இன்னொன்றும் உண்டு. தெருவில் ஒருவரை நிறுத்தி அவர் வாழ்க்கையைக் கேட்டு, அதை வேறொரு பெரிய கதைக்கு எதிரில் வைத்துக் காட்டும்போது, தான் எதற்காகப் பேசுகிறோம் என்று அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அதே நேரத்தில் பிரிக்பீல்ட்ஸில்

தமிழர்களைத் தமிழில் படம் பிடித்தவர் அமிர் மட்டும் இல்லை, முதல் ஆளும் இல்லை. அதே டிஜிட்டல் அலையில் வந்தவர் தீபக் குமரன் மேனன். அவருடைய 'செம்மண் சாலை' (2005) 1960-களின் ரப்பர் தோட்டத்தில், மேலே படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. ரோட்டர்டாம் விழாவில் திரையிடப்பட்டது, பிரான்ஸின் நாந்த் நகர விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்றது. கோடம்பாக்கத்துப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பொறுத்திருங்கள்.

அடுத்து 'சலங்கை' (2007). பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டி விற்கும் குடும்பம், நடனம் கற்க விரும்பும் சிறுமி. 'லிட்டில் இந்தியா' என்று அந்த வட்டாரம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 2010 அக்டோபரில். அதற்கு முந்தைய பிரிக்பீல்ட்ஸைப் பார்க்க வேண்டும் என்றால் இந்தப் படம் ஒரு நல்ல வழி.

பிறகு 2015-இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. மலாய் மொழியின் 'ஜஹாட்' நம் வாயில் 'ஜகாட்' ஆகிறது இல்லையா, அதுதான் தலைப்பு. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழிப் படங்களையும் மற்ற மொழிப் படங்களையும் தனித்தனிப் பிரிவாக வைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. தமிழில் எடுத்தால் மலேசியப் படம் இல்லையா என்ற கேள்வி கிளம்பியது. மலாய்த் திரையுலகத்தினரே எதிர்த்தார்கள், விதி மாற்றப்பட்டது. கடைசியில் சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' தேர்வானது.

இப்போது அமிர் என்ன செய்கிறார்?

வேறு பாதைக்குப் போய்விட்டார். 2007-இல் 'மத்தஹாரி புக்ஸ்', 2011-இல் 'பூக்கு ஃபிக்சி' என்று பதிப்பகங்கள் தொடங்கினார். ஃபிக்சியின் நகர்ப்புற மலாய்த் திகில், குற்ற நாவல்களைப் புத்தகக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். 2008-இல் நயீம் கலிலியோடு சேர்ந்து 'சூசுக்' என்ற பேய்ப்படமும் இயக்கினார். 2018-இல் தொடங்கிய 'குமான் பிக்சர்ஸ்', குறைந்த செலவில் திகில் படம் தயாரிக்கும் நிறுவனம். அதன் 'ரோ' படத்தைத்தான் (இயக்குநர் எமிர் எஸ்வான்) மலேசியா ஆஸ்கார் போட்டிக்கு அனுப்பியது.

பரிசோதனையை விட்டுவிட்டு வணிகத்துக்குப் போய்விட்டார் என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'லிப்ஸ் டு லிப்ஸ்' காலத்திலிருந்து அவர் செய்வது ஒன்றுதான்: சின்னச் செலவு, யாரையும் நம்பி நிற்காமல், தானே எடுத்து வெளியிடுவது.

நீங்கள் பார்க்க நினைத்தால்

ஒரு எச்சரிக்கை. உங்கள் கல்லூரிக் கழகத்தில் நாலு பேரைக் கூட்டித் தடை செய்யப்பட்ட படத்தைத் திரையிடலாம் என்று நினைக்காதீர்கள். மலேசியாவின் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, வாரியத்தின் அனுமதி இல்லாத படத்தைத் திரையிடுவதே குற்றம். இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் திரையிட்டதற்காக, மனித உரிமை அமைப்பின் ஊழியர் ஒருவர் மீது இதே சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். விடுதலை, மேல்முறையீடு என்று இழுத்து, 2017-இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. இசா சட்டம் 2012-இல் ரத்தாகிவிட்டது. 2022 நவம்பரில் அன்வாரே பிரதமர் ஆனார். தணிக்கைச் சட்டத்துக்கு முடிவு வரவில்லை.

அமிரின் படங்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'பாங்யாவ்' முதலில். சில நிமிடம்தான். பிறகு 'தி பிக் டுரியன்', அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள், 1987-இல் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பேச்சு தானாக வரும். 'மலேசியன் காட்ஸ்' கிடைத்தால், தமிழ் தெரியாத நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு முறை சப்டைட்டிலைத் துரத்திப் படித்துக் கொண்டிருப்பது அவராக இருக்கும்.